பூனைச் சிறுநீர் நாற்றம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பூனை மெத்தையில் சிறுநீர் கழித்துவிட்டது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஒருவர் வினிகர் என்பார். இன்னொருவர் சமையல் சோடா என்பார். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எல்லாம் வெளியே வந்துவிடும் என்பார் மூன்றாமவர். எலுமிச்சை, காப்பித்தூள், பிளீச் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவரும் “எங்கள் வீட்டில் இதில்தான் போயிற்று” என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அன்று மாலை நாற்றம் போயிருக்கும். சில நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டதும் அதே மூலையிலிருந்து அதே நாற்றம் கிளம்பும்போது, பூனை மறுபடியும் அங்கே போய்விட்டது என்று அதைத்தான் திட்டுவார்கள்.

பல நேரங்களில் பூனை மறுபடியும் போயிருக்காது. முதல் தடவை போனதே இன்னும் முடியாமல் இருக்கிறது.

நாம் ஒரே நாற்றம் என்று நினைப்பதில் இரண்டு நாற்றங்கள் கலந்திருக்கின்றன. அவை வெவ்வேறு பொருள்களிலிருந்து, வெவ்வேறு நேரத்தில் பிறக்கின்றன. ஒன்றைப் போக்கும் மருந்து மற்றதைத் தொடுவதுகூட இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், அலமாரியில் இருக்கும் எந்தப் பாட்டிலை எப்போது எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும். வீட்டில் நாற்றம் தாங்கவில்லை என்ற காரணத்துக்காகவே கைவிடப்படும் பூனைகள் ஏராளம். அவற்றில் பலவற்றை அந்த வீட்டிலேயே காப்பாற்றியிருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வறண்ட நிலத்திலிருந்து வந்த சிறுநீரகம்

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தண்ணீர் அரிதான நிலத்தில், இரையின் உடலில் இருக்கும் ஈரத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த விலங்கு அது. அதன் சிறுநீரகம் ஒரு சொட்டு நீரையும் வீணாக்காமல், கழிவை மிகக் குறைந்த நீரில் கரைத்து வெளியேற்றப் பழகியது. சோபாவில் படுத்துத் தூங்கும் இன்றைய பூனைக்கும் அதே சிறுநீரகம்தான். மனிதச் சிறுநீர் எட்டக்கூடிய உச்சச் செறிவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான செறிவைப் பூனையின் சிறுநீர் எட்ட முடியும். அளவு கொஞ்சம், சரக்கு அதிகம்.

அந்தச் சரக்கில் இரண்டு பொருள்கள் நமக்கு முக்கியம்.

முதலாவது யூரியா. உடல் புரதத்தைப் பயன்படுத்திய பிறகு மிஞ்சும் நைட்ரஜன் கழிவு இது. பூனை இறைச்சி உண்டே வாழும் விலங்கு என்பதால் அதன் சிறுநீரில் யூரியா நிறைய இருக்கும்.

இரண்டாவது ஃபெலினின். கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம். புரதங்களைக் கட்டும் சிறு மூலக்கூறுகளின் குடும்பத்துக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். ஃபெலினின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் புரதம் எதிலும் சேராமல் சிறுநீரில் வெளியேறிவிடும். பூனையின் சிறுநீரிலிருந்து இதை 1953-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் வெஸ்டால் என்ற ஆய்வாளர்.

இப்போது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி: யூரியாவுக்கு மணம் கிடையாது. ஃபெலினினுக்கும் மணம் கிடையாது. கருத்தடை செய்யப்பட்ட, உடல்நலமுள்ள பூனை அப்போதுதான் கழித்த சிறுநீர் அருகில் குனிந்தாலும் அவ்வளவாக நாறுவதில்லை. ‘ஈரமாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லையே, காய்ந்த பிறகு இப்படி நாறுகிறதே’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

மணமில்லாததிலிருந்து நாற்றம் பிறக்கும் விதம்

முழுப் பூண்டுப் பல் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. நசுக்கிய மறுகணம் அறையே மணக்கும். பூண்டுக்குள் கந்தகம் கொண்ட, மணமற்ற ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அதைத் தொடாமல் தனியே ஒரு நொதியும் இருக்கிறது. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். பல்லை நசுக்கும்போது இரண்டும் சந்திக்கின்றன. அமினோ அமிலம் உடைகிறது. காற்றில் பறக்கக்கூடிய சிறு கந்தகத் துண்டுகள் உண்டாகின்றன. நம் மூக்கைத் தொடுவது அந்தத் துண்டுகள்தான்.

பூனையின் சிறுநீரிலும் மணமற்ற கையிருப்பு உடைந்துதான் நாற்றம் பிறக்கிறது. பூண்டில் ஒரு நொடியில் நடப்பது இங்கே மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெதுவாக நடக்கிறது. அதுவும் இரண்டு தனித் தடங்களில்.

முதல் தடம் யூரியாவுடையது. தரையிலும் துணியிலும் காற்றிலும் இருக்கும் சில பாக்டீரியாக்கள் யூரியாவை உடைக்கும் நொதியை வைத்திருக்கின்றன. அவை ஈரமான சிறுநீரில் பெருகி யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கின்றன. அம்மோனியா கண்ணைக் கரிக்கும், மூக்கில் சுருக்கென்று ஏறும். பல நாள் சுத்தம் செய்யாத பூனைக் கழிவுத்தட்டின் மேல் குனிந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த நெடி இதுதான்.

இரண்டாவது தடம் ஃபெலினினுடையது. அது தானாகவே மெல்ல உடைந்து தயோல்களை வெளியிடுகிறது. ஒரு கந்தக அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்த பகுதியைக் கொண்ட கரிமச் சேர்மங்களுக்குத் தயோல் என்று பெயர். சமையல் எரிவாயு கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் கலக்கும் பொருளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மனித மூக்கு தயோல்களைக் கண்டுபிடிப்பதில் அபாரத் திறமை கொண்டது. காற்றில் நூறு கோடியில் ஓரிரு பங்கு, சிலவற்றில் அதற்கும் குறைவாக இருந்தால்கூட உணர்ந்துவிடும். பூனை வளர்க்கும் வீடு என்று வாசலிலேயே காட்டிக்கொடுக்கும் அந்த விடாப்பிடியான வீச்சம் இவற்றின் வேலை.

கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையின் சிறுநீர் மட்டும் ஏன் அவ்வளவு மோசம் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஃபெலினினை உண்டாக்க உதவும் காக்சின் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பூனைச் சிறுநீரில் கண்டறிந்தார்கள். ஆண் ஹார்மோன் இருக்கும் பூனையில் காக்சினும் அதிகம், ஃபெலினினும் அதிகம். அந்த வீச்சம் மற்ற பூனைகளுக்கு அது விட்டுச்செல்லும் செய்தி. கருத்தடை செய்த பின் ஃபெலினின் வெகுவாகக் குறைந்துவிடும். நாற்றத்துக்கு எதிராக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை எது என்று என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கும் எந்தப் பாட்டிலுக்கும் முன்பாக இதைத்தான் சொல்வேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: புதிய சிறுநீரில் மணமற்ற இரண்டு கையிருப்புகள் இருக்கின்றன. பாக்டீரியா யூரியாவை உடைத்தால் அம்மோனியா நெடி. ஃபெலினின் உடைந்தால் தயோல் வீச்சம். கையிருப்பு தீரும்வரை உற்பத்தி நிற்காது.

யூரிக் அமிலப் படிகங்கள் என்ற கதை

பூனைச் சிறுநீர் பற்றிப் பேசும் இடமெல்லாம் ஒரு விளக்கம் உலவுகிறது: ‘யூரிக் அமிலப் படிகங்கள் துணியில் ஒட்டிக்கொள்கின்றன, அவைதான் நாறுகின்றன, அவற்றை எதுவும் கரைக்காது.’ கேட்க அறிவியல்போல இருக்கிறது. ஆனால் யூரிக் அமிலத்துக்கு மணமே இல்லை. தவிர, மனிதர்களிடம் செயலிழந்துபோன ஒரு நொதி பூனையிடம் இன்னும் வேலை செய்கிறது. அது யூரிக் அமிலத்தை எளிதில் கரையக்கூடிய அலன்டாயின் என்ற பொருளாக மாற்றிவிடும். ஆகவே பூனையின் சிறுநீரில் யூரிக் அமிலம் கொஞ்சமே இருக்கும்.

வேறு ஏதோ உண்மையைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும். காய்ந்த கறை ஈரம் பட்டதும் மறுபடி நாறுகிறது என்பது எல்லோரும் கண்டறிந்த அனுபவம். அதன் காரணம் வேறு. சிறுநீர் காயும்போது நீர் மட்டும்தான் ஆவியாகிறது. யூரியா, உப்புகள், ஃபெலினின் எல்லாம் நூலிழைகளுக்கிடையில் படிந்து கிடக்கின்றன. பாக்டீரியாவும் ஈரமின்றி ஓய்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் ஏறியதும் இந்தப் படிவு நீரை உறிஞ்சிக் கசகசக்கிறது; பாக்டீரியா விழித்துக்கொள்கிறது; இழையில் ஒட்டியிருந்த நாற்ற மூலக்கூறுகள் விடுபட்டு எழும்புகின்றன. மழை நாளில் பழைய கறை உயிர்பெறுவது இப்படித்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. நாற்றத்தை மட்டும் அடக்கினால் போதாது, படிவை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்.

யாரும் மதிக்காத மருந்து: தண்ணீர்

யூரியா, உப்புகள், ஃபெலினின் மூன்றும் நீரில் நன்றாகக் கரைபவை. ஆகவே வீட்டு வைத்தியங்களில் முதலிடம் பச்சைத் தண்ணீருக்குத்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தவறிப்போகிறார்கள்.

மெத்தையின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிவது வாய் மட்டுமே. சிறுநீர் கீழே இறங்க இறங்க நுரைப்பஞ்சில் பக்கவாட்டில் பரவி, அடியில் ஒரு தட்டு அகலத்துக்கு விரிந்திருக்கும். ஈரத்துணியால் மேலே நான்கு முறை துடைத்துவிட்டு முடித்துக்கொண்டால், மேல்துணி காயும்போது அடியில் இருக்கும் திரவம் இழைகளின் வழியே மேலேறி, கரைந்திருப்பதையெல்லாம் கொண்டுவந்து மேற்பரப்பில் வைத்துவிடும். துடைத்த இடம் மறுநாள் அதிகமாக நாறுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. முதலில் உலர்ந்த பழந்துணியை நான்காக மடித்து ஈரத்தின் மேல் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் கறை பரவும், இழை பிரியும். துணி நனைந்ததும் வேறு துணி. இனிமேல் ஈரம் ஏறவில்லை என்ற நிலை வந்த பிறகு, குளிர்ந்த நீரைக் கறையின் விளிம்பைத் தாண்டிச் சற்று அகலமாக ஊற்றி, மறுபடி அழுத்தி உறிஞ்சுங்கள். இந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்தால் நாற்றத்தின் மூலப்பொருளில் பெரும்பகுதி உங்கள் கையிலிருக்கும் துணிக்கு வந்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கருவி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

வெந்நீரும் நீராவியும் வேண்டாம். சிறுநீரில் புரதமும் இருக்கிறது, பூனையின் சிறுநீரில் சற்று அதிகமாகவே. சூடு பட்டால் அது இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும்.

வினிகர் எதைச் செய்யும்

வினிகர் என்பது நூற்றுக்கு நான்கிலிருந்து ஆறு பங்குவரை அசிட்டிக் அமிலம் கலந்த நீர். அம்மோனியா ஒரு காரம். அமிலமும் காரமும் சந்தித்தால் இரண்டும் தம் குணத்தை இழந்து உப்பாகும். இதற்கு நடுநிலையாக்கம் என்று பெயர். காற்றில் பறந்துகொண்டிருந்த அம்மோனியா, வினிகர் பட்டதும் அம்மோனியம் அசிட்டேட் என்ற உப்பாகி நீரில் தங்கிவிடுகிறது. எனவே நெடி சட்டென்று அடங்கும். வினிகரை நம்புகிறவர்கள் கண்டது உண்மையான பலன்தான். அமிலச் சூழலில் பாக்டீரியாவின் வேகமும் குறையும். வினிகரின் சொந்த வாடை காய்ந்ததும் போய்விடும்.

ஆனால் தயோலை வினிகர் ஒன்றும் செய்யாது. ஃபெலினினையும் அது அழிப்பதில்லை. நெடி போய் வீச்சம் மட்டும் மிஞ்சுவது வினிகர் போட்ட வீடுகளின் வழக்கமான நிலை. இன்னொன்று: உண்டான உப்பை அப்படியே விட்டால் பிறகு காரத்தன்மை கூடும்போது அம்மோனியா மறுபடி வெளியேறலாம். அதனால் வினிகருக்குப் பின்னும் நீர் ஊற்றி உறிஞ்சியாக வேண்டும். சம அளவு நீர் கலந்த வினிகரே போதும். பளிங்கு, சுண்ணாம்புக் கல், டைல்களுக்கிடையிலான சிமெண்ட் பூச்சு ஆகியவற்றை அமிலம் அரிக்கும் என்பதால் அங்கே தவிர்த்துவிடுங்கள்.

சமையல் சோடாவும் நுரை மயக்கமும்

சமையல் சோடா என்னும் சோடியம் பைகார்பனேட் ஒரு மென்காரம். வியர்வை, புளித்த பால் போன்ற அமில நாற்றங்களை அது நன்றாக அடக்கும். அம்மோனியாவோ தானே ஒரு காரம். காரத்தைக் காரத்தால் நடுநிலையாக்க முடியாது. உலர்ந்த பொடியாகத் தூவினால் மிச்ச ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வினிகரையும் சோடாவையும் சேர்க்கும்போது எழும் நுரையைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதாகத் தோன்றும். பார்ப்பதற்கு நிறைவாகவும் இருக்கும். நடப்பது என்ன? அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. நுரை வெறும் கரியமில வாயு. மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த நீர். அம்மோனியாவைப் பிடிக்க வேண்டிய அமிலம் சோடாவிடம் செலவாகிவிட்டது. தனியாக ஊற்றியிருந்தால் பாதி வேலையாவது செய்திருக்கும் வினிகரை நாமே முறித்துவிடுகிறோம். எல்லா வைத்தியங்களிலும் அதிகம் பரப்பப்படுவது இதுதான், குறைந்த பலன் தருவதும் இதுதான். இதை நம்பி வாரக்கணக்கில் ஊற்றிக்கொண்டே இருப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சோடாவுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. அதற்கு வேறொரு துணை வேண்டும்.

வீச்சத்தை உடைப்பது எது

தயோலின் நாற்றம் முழுக்க அந்தக் கந்தக-ஹைட்ரஜன் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை ஆக்ஸிஜனோடு வினைபுரியச் செய்தால் கந்தகத்தின் வடிவம் மாறி, நாற்றம் மிகக் குறைந்த அல்லது நாற்றமே இல்லாத பொருள்கள் உண்டாகும். இதற்கு ஆக்ஸிஜனேற்றம் என்று பெயர். வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய, ஓரளவு பாதுகாப்பான ஆக்ஸிஜனேற்றி மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு.

வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு விலங்கு உண்டு. எதிரியின் மேல் அது பீய்ச்சும் திரவத்தின் நாற்றமும் தயோல்களால் வருவதே. பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் 1993-இல் அதற்கு ஒரு கலவையை வெளியிட்டார்: 3 சதவீதப் பெராக்சைடு, சமையல் சோடா, சிறிது திரவச் சோப்பு. சோடா கலவையைக் காரமாக்குகிறது; காரச் சூழலில் பெராக்சைடு தயோலை இன்னும் விரைவாகத் தாக்கும். எண்ணெய்ப்பசையோடு ஒட்டியிருப்பதைச் சோப்பு பிரித்துவிடும். வினிகரோடு சேர்ந்து வீணான அதே சோடா இங்கே உண்மையிலேயே உதவுகிறது.

பூனைக் கறைக்கு இதே கலவையைச் சிறிய அளவில் பயன்படுத்தலாம்: 250 மி.லி. பெராக்சைடு, ஒரு மேசைக்கரண்டி சோடா, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. கறையின் மேல் ஊற்றியதும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். கால் மணியிலிருந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நீர் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான எச்சரிக்கை: இந்தக் கலவையை மூடிய பாட்டிலில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அது ஆக்ஸிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடிப் பாட்டில் வெடித்துவிடலாம். தேவைப்படும்போது கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இந்தக் கலவை துணிக்கும் தரைக்கும் மட்டுமே. பூனையின் மேல் படக் கூடாது.

பெராக்சைடு நிறத்தை வெளுக்கும். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்த பிறகு பார்த்துவிட்டே தொடங்குங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. மரத்தின் நிறமும் இறங்கக்கூடும்.

மறுபடி ஒரு சுருக்கம்: நீர் இரண்டு கையிருப்புகளையும் வெளியேற்றும். வினிகர் அம்மோனியா நெடியைக் கட்டும். பெராக்சைடும் சோடாவும் தயோல் வீச்சத்தை உடைக்கும். வினிகரும் சோடாவும் ஒன்றையொன்று கெடுக்கும்.

வரிசை

இந்த வரிசை மாறக் கூடாது: உறிஞ்சுதல், நீர், வினிகர், மறுபடி நீர், முழுவதும் காயவிடுதல், அதன் பிறகே பெராக்சைடு. இடையில் ‘முழுவதும் காயவிடுதல்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வினிகரும் பெராக்சைடும் ஒரே இடத்தில் கலந்தால் பெர்அசிட்டிக் அமிலம் உண்டாகலாம். அது கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். கறை புதிதாக இருந்தால் அம்மோனியா இன்னும் உண்டாகியிருக்காது, அப்போது வினிகர் படியையே விட்டுவிட்டு நீரோடும் பெராக்சைடோடும் நிறுத்திக்கொள்ளலாம். கடைசியில் மின்விசிறி வைத்து நன்றாக உலர்த்துங்கள்.

துவைக்கக்கூடிய துணி என்றால் வேலை எளிது. குளிர்ந்த நீரில் அலசி, நீர் கலந்த வினிகரில் சற்று ஊறவைத்து, அலசி, நொதி கலந்த சலவைத்தூளில் துவைக்கலாம். அந்த நொதிகள் புரதப் படிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி நீரோடு போகச் செய்கின்றன. நாற்றம் போய்விட்டது என்று மூக்கு உறுதி சொல்லும்வரை சூடான உலர்த்தியில் போட வேண்டாம்.

வீட்டு வைத்தியம் எட்டாத இடங்களும் உண்டு. மாதக்கணக்கில் ஊறிய நுரைப்பஞ்சின் அடிவரை எந்தத் திரவத்தையும் அனுப்பி முழுவதும் திரும்ப எடுப்பது நடக்காத காரியம்; அதை மாற்றுவதே நல்லது. பூச்சில்லாத மரமும் காங்கிரீட்டும் நுண்துளைகளுக்குள் சிறுநீரை இழுத்துக்கொள்ளும். அவற்றை முடிந்தவரை சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, அரக்கு சார்ந்த ப்ரைமரால் மேற்பரப்பை அடைத்துவிடலாம்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

ஒரே நாற்றத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். அதனால் வீட்டுக்காரர் சொல்லும் இடத்தைவிட வெளியிலிருந்து வருபவர் சொல்லும் இடம் நம்பத்தக்கது. நல்ல இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தால் காய்ந்த சிறுநீர் வெளிர்மஞ்சளாகவோ பச்சை கலந்தோ ஒளிரும். சலவைத்தூள் மிச்சம் உட்பட வேறு பலவும் ஒளிரும் என்பதால், ஒளிரும் இடத்தை முகர்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள். சுவர்களையும் மறக்க வேண்டாம். சில பூனைகள் நின்றபடியே வாலை நடுங்கவைத்துச் சுவரில் பீய்ச்சும். அது வழிந்து தரைவிளிம்புப் பட்டியின் பின்னால் தேங்கியிருக்கும். தரையை எத்தனை முறை துடைத்தாலும் போகாத நாற்றத்தை நான் முதலில் தேடச் சொல்லும் இடம் அந்தப் பட்டிதான்.

கலக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது

பிளீச்சை எடுக்க வேண்டாம். பழைய சிறுநீரில் அம்மோனியா இருக்கிறது. பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு வரும். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் இவை உயிருக்கே ஆபத்தானவை. அம்மோனியா கலந்த சுத்திகரிப்பானும் வேண்டாம். அது பூனைக்குத் தன் கழிவிடத்தை நினைவூட்டி அங்கேயே வரவழைக்கும்.

பினாயில்களில் சிலவற்றில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே போதும், அது உள்ளே போய்விடும். தேயிலை மர எண்ணெய், சிட்ரஸ் எண்ணெய் போன்ற செறிவான நறுமண எண்ணெய்களும் ஆபத்தானவை. பூனை வராமலிருக்க மூலையில் அந்துருண்டை போடுவது அதற்கு நஞ்சு வைப்பதற்குச் சமம், தயவுசெய்து செய்யாதீர்கள். நறுமணத் தெளிப்பானும் காப்பித்தூளும் காற்றில் இருப்பதை மறைக்கும், கையிருப்பைத் தொடாது.

பூனை ஏன் அங்கே போனது

கறை போன பிறகும் காரணம் இருக்கிறதென்றால் பூனை மறுபடி அங்கேதான் போகும். பழிவாங்க அது அப்படிச் செய்வதில்லை. பல வீடுகளில் குறை கழிவுத்தட்டில் இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது: தினமும் அள்ளப்படாத தட்டு, பூனையின் உடலுக்குப் போதாத சிறிய தட்டு, சத்தமான இடத்தில் வைத்த தட்டு, வாசனை சேர்த்த மணல். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சுத்தம் செய்த இடத்தில் உணவுக் கிண்ணத்தை வைத்தால் பெரும்பாலான பூனைகள் அங்கே கழிக்கத் தயங்கும்.

தட்டைச் சரியாகப் பயன்படுத்தி வந்த பூனை திடீரென்று வெளியே போகத் தொடங்கினால், சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு எதுவும் காரணமாக இருக்கலாம். அடிக்கடி போகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதா, சிவப்பு தெரிகிறதா, வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய அடைப்பு அது. கறையை அப்படியே போட்டுவிட்டு, இரவானாலும் பூனையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.